தவிட்டுக்கு வாங்கிய பேர்

ராஜாத்திக்கு மூத்தவன் பிறந்தபோது பூபதி என்று பேர் வைத்தார்கள். பூமிக்கே அதிபதி என்று அர்த்தமாம். முதல் மொட்டை அடிப்பதற்குள் அந்தப் பூமிக்குள்ளேயே போய்விட்டான். அடுத்தது பெண். இளவரசி என்று வைத்தார்கள். அவளும் அண்ணன் பின்னாலேயே போனாள். நல்ல பேராகப் பொறுக்குகிற எமனுக்குத் தோணிரேவு ஊரில் வேறு வீடே தெரியவில்லை.

அதனால் மூன்றாவது பிள்ளைக்கு வழக்கப்படி செய்தார்கள். புருஷன் கோதண்டம் பச்சைப் பிள்ளையைத் தூக்கிப் போய், மீன் செதிலும் சாம்பலும் கொட்டுகிற குப்பைமேட்டில் கிடத்தினான். பக்கத்து வீட்டு முனியம்மா, யாரோ போட்டுவிட்டுப் போன பிள்ளை என்று சொல்லி எடுத்து வந்தாள். ராஜாத்தி ஒரு முறம் தவிடு கொடுத்து அவனை விலைக்கு வாங்கினாள். மூக்கைக் குத்தி, குப்பன் என்று பேர் வைத்தாள். யாருக்கும் வேண்டாததை எமன் மட்டும் எதற்கு எடுக்கப்போகிறான்? பிள்ளை தங்கியது.

தங்கியவன் வளர்ந்து மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போனான். பள்ளிக்கூடத்தில் மானத்தை வாங்கிய பேர் அங்கேயும் வாங்கியது. எழுதிப் போட்டு இளவழகன் என்று மாற்றிக்கொண்டான். ஊரும் மாறிக்கொண்டது. ராஜாத்தி மாறவில்லை.

ஒருநாள் கூட வேலை செய்கிற பீகார் பையனைச் சோற்றுக்கு அழைத்து வந்தான். அவன் பேர் ஃபேக்கன். வீசி எறியப்பட்டவன் என்று அர்த்தமாம். அவர்கள் பக்கமும் பிள்ளை தங்காத வீட்டில் அப்படித்தான் வைப்பார்களாம். ராஜாத்திக்கு அவன்மேல் பாசம் பொங்கிவிட்டது. மடவை மீன் துண்டுகளை அவன் தட்டிலேயே அள்ளி வைத்தாள். பாஷைதான் வேறே, எமன் ஒருத்தன்தான் என்று மகனைக் குத்திக் காட்டினாள். அவனுக்கும்தான் இன்னும் யாரும் பெண் தரவில்லை என்று மகன் சிரித்தான்.

மகனுக்குப் பெண் கிடைத்தது. ஆரம்பாக்கம் ஹேமாவதி, நர்சுக்குப் படித்தவள். அவள் வீட்டார் மாப்பிள்ளை பார்க்க வரும் அன்று காலையில் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"யம்மா, ஒரே ஒரு தபா நல்ல பேரச் சொல்லிக் கூப்புடு. பெத்தவ நீயே குப்பன்னா, வர்றவ இன்னா சொல்லுவா?"

அதுவரை அவன் அவளிடம் கெஞ்சி எதையும் கேட்டதில்லை. வந்தவர்கள் உட்கார்ந்ததும் ராஜாத்தி வாசலுக்குப் போய், "இளவழகா, உள்ள வாப்பா" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பிப் பார்த்து முகமெல்லாம் பூரித்தான். எவ்வளவு அழகான பிள்ளை என்று அன்றைக்குத்தான் அவள் நினைக்கத் துணிந்தாள். உடனே, எமன் காதில் விழுந்திருக்குமோ என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பனுக்குத் துணையாகப் படகேறினான். முகத்துவாரத்தில் அலை படகைப் புரட்டிப் போட்டது. கோதண்டம் நீந்திக் கரையேறினான். மகனை மறுநாள் கடல் கொண்டுவந்து ஒதுக்கியது.

காற்று என்றார்கள், விதி என்றார்கள். ராஜாத்தி எதையும் காதில் வாங்கவில்லை. பிறந்ததிலிருந்து ஒளித்து வைத்திருந்தவனை வாசலில் நின்று தானே கூவிக் காட்டிக்கொடுத்துவிட்டாள். அவள் நெஞ்சில் வேறு எந்தக் காரணமும் நிற்கவில்லை.

கருமாதியன்று பிண்டம் வைக்கிறவர் பேர் கேட்டார். கோதண்டம் இளவழகன் என்றான். பெண்கள் நடுவிலிருந்து ராஜாத்தி எழுந்து வந்தாள்.

"குப்பன்னு சொல்லுங்க."

கடைசியாகவாவது நல்ல பேரைச் சொல்லி அனுப்பலாமே என்று அவர் தணிந்த குரலில் சொன்னார்.

"வேணாங்கய்யா. குப்பன்னே சொல்லுங்க. அந்தப் பேரக் கேட்டா, யாருக்கும் வேணாத புள்ளன்னு எமன் திருப்பி வீசுனாலும் வீசுவான்" என்றவள், முந்தானையால் மூடி இடுப்பில் வைத்திருந்த முறத்தைப் பிண்டத்தின் பக்கத்தில் இறக்கி வைத்தாள். "வாங்கிக்கறதுக்குத் தவுடு கொண்ணாந்திருக்கேன்."