கடற்சிங்கக் கலம்

அச்சிலிருந்து பிரித்த ஈரக் கலத்தின்மேல் சிப்பிக்கத்தியை வைத்த நெச்சா, அழுத்தாமல் எடுத்துவிட்டாள். இது மூன்றாம் முறை. முற்றத்தில் அவள் தந்தை லாபென் பருத்தித் துணியில் பொதியுண்டு கிடந்தார். இறந்த நான்காம் நாள் அவரைப் புதைகுழிக்குள் இறக்குவார்கள். அதற்குள் கலம் உலர்ந்து, சூளை கண்டு, அவர் தலைமாட்டுக்கு வந்தாக வேண்டும்.

கலத்தின் தோளில் ஒரு கடற்சிங்கம் அண்ணாந்திருந்தது. அதன் எதிரே தடி ஓங்கிய மனிதன். வேட்டுவர் குடிக்கு வழிவழியாக வந்த அச்சு. இறந்தாரைக் கடற்சிங்கமே முதுகில் ஏற்றிப் மறுவுலகான பறவைத்தீவில் சேர்க்கும் என்பது அந்தக் கடற்கரையோரின் நம்பிக்கை. லாபென் அடித்துக் கொன்றவையோ எண்ணில் அடங்கா. படுக்கையில் கிடந்த நாளெல்லாம் அவர் மகளிடம் கேட்டது ஒன்றே:

"என்னை அதுக ஏத்திக்குமா, தாயி?"

பாறைப்பக்கம் அவற்றின் குரைப்பு இன்றும் ஓயவில்லை.

"என்னடி நிக்கிற? சூளைக்காரன் கத்துறான்," என்று வந்தான் அண்ணன் கொலூம்.

"தடியைச் சுரண்டிடப் போறேன்ணே."

"பைத்தியமா உனக்கு? தடியில்லாத வேட்டைக்காரனா? நண்டு பொறுக்கிப் பொழைச்ச ஆளுன்னு ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். இதைப் பாத்துட்டு எந்தக் கடற்சிங்கம் முதுகு குடுக்கும்?"

"அப்போ ஆந்தைக் கலம் வை. அது தூக்கிட்டுப் போகட்டும்."

"ஆந்தை பூசாரிமாரைத்தான் தூக்கும். நம்மளை ஏறெடுத்துப் பாக்குமா?"

கொலூமின் தோளிலும் ஒரு தடி சாய்ந்திருந்தது.

சிப்பி இறங்கியது. களிமண் சுருள் சுருளாய் அவள் மடியில் உதிர்ந்தது. ஓங்கிய கை வெறுங்கையாயிற்று. அது அடிக்கிறதா, அழைக்கிறதா என்று அவளுக்கே தெளியவில்லை.

நான்காம் நாள், குழியின் விளிம்பில் சுற்றத்தார் முணுமுணுக்க, சிவந்து வெந்த கலத்தை நெச்சா தலைமாட்டில் வைத்து மேலேறினாள். குல வழக்கப்படி லாபெனின் வலக்கையைத் துணிக்கு வெளியே எடுத்து, அதில் அவர் தடியைக் கட்டியிருந்தார்கள்.

"பாயைப் போடுங்கப்பா, பொழுது சாயுது," என்றார் பெரியவர் ஒருவர்.

கொலூம் குழிக்குள் குதித்தான்.

"டேய், என்னடா பண்றே?" என்று அதட்டினார் பெரியவர்.

அவன் நிமிரவில்லை. முடிச்சை அவிழ்த்தான். தடியோடு ஒட்டிக் கிடந்த விரல்களை ஒவ்வொன்றாக, நோகுமோ என்பதுபோல் விலக்கினான். தடியை மேலே வீசினான். அது மணலில் விழுந்தது. எடுக்க எவரும் குனியவில்லை.

பாய் மூடும்வரை அந்த விரல்கள் பாதி விரிந்தபடியே இருந்தன.