தொண்ணூற்றைந்தரைக்கு மேல்

மூன்றாவது முறையும் சோப்பு போட்டாகிவிட்டது. அண்ணனின் தலைமுடியிலிருந்து ஸ்பிரிட் வாடை போவேனா என்றது. தங்கை துணியைப் பிழிந்து மறுபடியும் காதோரம் துடைத்தாள். அண்ணி தலையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பின்மண்டையில் கட்டுப் போட்டிருந்த இடத்தை இருவருமே தொடவில்லை.

கூடத்தில் ஆலை மேனேஜரின் குரல் கேட்டது. துக்கம் கேட்க வந்தவன் கேட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே!

"நல்ல மனுஷன்தாங்க. ஆனா கொஞ்சம் போட்டுட்டு டவர் மேல ஏறிட்டார் போல. வாடை வீடு முழுக்க அடிக்குதே, நான் வேற சொல்லணுமா?"

அப்பாவுக்கு அது போதும். குடித்தே செத்த தன் தம்பி ஒருவனை ஏற்கெனவே தோளில் சுமந்து அடக்கம் செய்தவர் அவர்.

"தினம் இந்த வாடையோடதான் வருவான். வேலை வாடைன்னான். நான் என்னைக்கும் நம்பலை" என்றார். "குடிகாரப் பயலுக்கு இனி நான் தோள் குடுக்க மாட்டேன். வேற ஆளைப் பார்த்துக்கோங்க."

அண்ணி கூடத்தைப் பார்த்து நிமிர்ந்தாள். "இவரா? இருமல் மருந்தே குடிக்க மாட்டாரே..." என்றாள்.

தங்கைக்கு நடந்தது தெரியும். ஆலையில் ஸ்பிரிட்டைக் காய்ச்சி வடிக்கும் டவரை அண்ணன் ஓட்டுவான். அதில் இறங்கும் ஸ்பிரிட்டை லேபில் சோதிப்பவள் அவள்தான். சூடேற்றினால் ஸ்பிரிட் தண்ணீரை விட்டுப் பிரிந்து மேலே ஏறும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்தரை வரைதான். அதற்குப் பிறகு மிச்சத் தண்ணீரும் ஸ்பிரிட்டும் சேர்ந்தே கொதிக்கும், சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். தலைகீழாக நின்றாலும் பிரியாது. அந்தக் கொஞ்சத் தண்ணீரை உறிஞ்சி எடுக்கத் தனியாக ஒரு தொட்டி உண்டு. அது பழுதாகிக் கிடந்தது. ஆர்டரோ சொட்டுத் தண்ணீரும் இல்லாத ஸ்பிரிட்டுக்கு. "ஸ்டீமை இன்னும் திற, தானா ஏறும்" என்றான் மேனேஜர். நேற்று முழுக்க அவள் பார்த்த ஒவ்வொரு சாம்பிளும் அதே தொண்ணூற்றைந்தரைதான்.

"பாலையும் தண்ணியையும் பிரிக்கிற அன்னப்பறவைன்னு நினைச்சுட்டான் என்னை" என்று லேப் ஜன்னலில் நின்று அண்ணன் சிரித்தான்.

"திறக்காதேண்ணா."

"நான் திறக்கலைன்னா வேற எவனையாவது திறக்க வைப்பான். அவனுக்கு எங்க தெரியும், எப்ப மூடணும்னு?"

அண்ணனே ஸ்டீமைத் திறந்தான். அத்தனை ஆவியைக் குளிர்விக்கும் சக்தி குழாய்களுக்கு இல்லை. உச்சியில் ஒரு இணைப்பு பிய்த்துக்கொண்டது. அதை மூட ஏறியவன் மேல் ஸ்பிரிட் கொட்டியது. மூச்சுமுட்டி, பிடி விட்டு விழுந்தான்.

அவள் கையைத் துடைக்காமலே கூடத்துக்கு வந்தாள்.

"சார், எத்தனை தடவை சொன்னேன், இதுக்கு மேல ஏறாதுன்னு? ஸ்டீமைத் திறக்கச் சொன்னது யாரு?"

"நீயும் அங்கதான் வேலை பார்க்கிற, ஞாபகம் இருக்கட்டும். யோசிச்சுப் பேசும்மா."

"யோசிச்சுட்டேன் சார். செத்துப்போனவன் வாய் திறக்கமாட்டான்னுதானே இவ்வளவு பேசுறீங்க? யார் சொன்னதுன்னு சொல்லிட்டுப் போங்க."

மேனேஜர் வாசலில் செருப்பைத் தேடினான்.

அப்பா சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "அப்ப, தினம் வர்ற வாடை?"

அவள் அவர் முன்னால் உட்கார்ந்து, சட்டைக் காலரை இழுத்துக் காட்டினாள்.

"நேத்து வேலைக்குப் போட்ட சட்டைப்பா. இன்னும் மாத்தலை. மோந்து பாருங்க. நானும் குடிச்சுட்டா வந்திருக்கேன்?"

அப்பா குனிந்தார். முகர்ந்தார். மறுபடியும் முகர்ந்தார். பிறகு அவள் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

"சாப்பிட உக்காரும்போதெல்லாம் தள்ளி உக்காருடான்னு விரட்டினேனே" என்றார். "ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலையேம்மா. தட்டை எடுத்துட்டுப் போயிடுவானே."

அவளுக்கு அவர் மேல் ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

சவப்பெட்டியைத் தூக்கும் நேரம், அப்பா போய் முன்பக்கம் நின்றார். அங்கே நின்றிருந்தவன் விலகி இடம் கொடுத்தான். நான்கு பேரில் அப்பாதான் குள்ளம்; தூக்கியதும் பெட்டி அவர் பக்கம் சாய்ந்தது. மற்ற மூன்று பேரும் முழங்காலை மடக்கி, அவர் உயரத்துக்கு இறங்கி, மெல்ல நடந்தார்கள்.