நான்கு பேர் உட்கார வேண்டிய கூட்டம்

பட்டியல் ஒட்டிய மூன்றாம் நாள் காலை எட்டரை மணிக்கு மெக்கானிக்கின் இரண்டு கால்களையும் உடைத்தார்கள். எட்டரை என்று நேரம் குறித்துக் கொடுத்தது நான்.

வேண்டுமென்று செய்யவில்லை. அப்படிச் சொல்லிவிட்டால் கால் ஒட்டிக்கொள்ளப்போகிறதா என்ன?

நான் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தர். ஏரி, குளம் உள்ள ஊரெல்லாம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. உறுப்பினர்கள் ஏழு பேர். பெயர்ப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஆட்சேபணைக்குப் பதினான்கு நாள். முப்பதாம் நாளுக்குள் முதல் கூட்டம் நடந்து, குறைந்தது நான்கு பேராவது நேரில் வந்து உறுதிமொழி எடுக்க வேண்டும். ஒரு தலை குறைந்தாலும் குழு கலைந்துவிடும், மூன்று வருடத்துக்கு மறுபடி அமைக்க முடியாது. இவ்வளவு கெடுபிடியும் ஆலோசனை சொல்ல மட்டும்தான். கேட்டால் கேட்கலாம், கேட்காமலும் போகலாம்.

ஆனால் கல் குவாரியின் அனுமதி அந்த மாதக் கடைசியில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. குழு இருந்தால் அதன் கருத்தைக் கோப்பில் சேர்த்தாக வேண்டும். இல்லையென்றால் எங்கள் அதிகாரியின் கையெழுத்தே போதும். அதிகாரியோ எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அந்தப் பக்கம் சாய்கிறவர். குவாரிக்காரருக்கு இந்தக் கணக்கு நன்றாகவே புரிந்திருந்தது.

பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன். பழைய வரி நோட்டீஸ் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் பெயர், தொழில், முகவரிக்குப் பிறகு ஒரு கட்டம் உண்டு: நோட்டீஸ் கொடுக்க வீட்டில் இருக்கும் நேரம். காலியாக ஒரு கட்டம் கிடந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஏழு பேருக்கும் போன் போட்டுக் கேட்டு நிரப்பினேன். மெக்கானிக், காலை எட்டரை வரை. கால்நடை டாக்டரம்மா, மதியம் ஒன்று முதல் இரண்டு. தையல்காரர், நாள் முழுவதும் கடையில். ஏரியில் வலை போடும் அக்கா மட்டும், "நான் எப்ப வீட்ல இருப்பேன்னு எனக்கே தெரியாதும்மா" என்றாள். அவள் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அந்தக் கோடு எனக்கு உறுத்தலாகக்கூட இருந்தது. அப்படியே பலகையில் ஒட்டினேன்.

அடிக்க வந்தவர்கள் நான் போட்ட நேரத்துக்கு நிமிடம் பிசகாமல் வந்தார்கள்.

மெக்கானிக்கை வீட்டோடு ஒட்டிய பட்டறை வாசலில் குப்புறத் தள்ளி, கார் தூக்குகிற ஜாக்கி மேல் காலை வைத்துக் கம்பியால் அடித்தார்கள். ஒரு கால் ஒரே அடியில் போனது. மற்றதற்கு நான்கு அடி. இதை என்னிடம் சொல்லும்போதே அவர் மனைவி மயங்கி விழுந்தாள். ஐந்தாம் நாள் தையல்காரரைக் கடையிலிருந்து இழுத்துப் போட்டு, அவர் கண்ணெதிரே தையல் மெஷினை ஏரியில் எறிந்தார்கள். பட்டியலில் இருந்த வேறு மூன்று பேர் தங்கள் முறை வரும்வரை காத்திருக்கவில்லை. வரிசையாக வந்து விலகல் கடிதத்தை அதிகாரி கையில் கொடுத்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் படி இறங்கினார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

பலகையிலிருந்த பட்டியலைக் கிழித்தேன். எப்போது? தையல்காரர் கடைக்குப் பிறகு. அதற்கு முன்பு எனக்கு உறைக்கவே இல்லை. இருபத்திரண்டு வருடம் கோப்பைப் பார்த்த புத்தி அவ்வளவுதான்.

கிழித்தும் பயனில்லை. ஒன்பதாம் நாள் மதியம் ஒன்றேகாலுக்கு டாக்டரம்மாவின் வீட்டுக்குள் புகுந்தார்கள். செத்த மாடுகளை அறுத்து, வயிற்றில் குவாரியின் கல்மாவு இருக்கிறது என்று முதலில் எழுதியவர் அவர்தான். தாடையில் அடி, மூன்று பல் போனது. ஆஸ்பத்திரியில் தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் மருந்துச் சீட்டை எடுத்து எழுதி நீட்டினார்.

'கம்பி வைத்திருந்தவன் முகத்தில் துணி கட்டியிருந்தான். துணி அவிழ்ந்தது. உங்கள் தம்பி.'

என் தம்பி குவாரி வாசலில் லாரி எண் எழுதுகிறவன். அப்பா அம்மா போனபின் நான் கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் நின்று வளர்த்தவன். சட்டையில் பித்தான் அறுந்தால்கூட, "அக்கா" என்று என்னிடம்தான் வருவான்.

வீட்டுக்குப் போனபோது பின்கட்டில் உட்கார்ந்து சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தான். வாளித் தண்ணீர் பழுப்பாக இருந்தது.

"நீயாடா?" என்றேன்.

கொஞ்ச நேரம் தேய்த்துக்கொண்டே இருந்தான். பிறகு, "நான் போகலன்னா வேற ஒருத்தன் போவான்" என்றான்.

"அந்தம்மா உனக்கு என்னடா பண்ணுச்சு?"

"குவாரிய மூடினா முந்நூறு பேரு தெருவுக்கு வருவோம். அது உனக்குத் தெரியாதா? எங்கள எதுக்கு முறைக்கிற? எத்தனை மணிக்கு இருப்பாங்கன்னு நீதான எழுதி ஒட்டின. நாங்க அலையக்கூட வேண்டியதில்ல."

கையில் கிடைத்தது தோசைத் திருப்பி. ஓங்கி அவன் காதோடு அடித்தேன். இரண்டாவது அடிக்குள் எழுந்துவிட்டான். என் கையை முறுக்கி, தலையைச் சுவர் அலமாரியில் மோதினான். டப்பாக்கள் உருண்டன. நெற்றி பிளந்து கண்ணில் ரத்தம் இறங்கியது. கையை விட்டதும் அவனே ஓடிப்போய்ப் பஞ்சு எடுத்து வந்தான். நான் அந்தப் பஞ்சைப் பிடுங்கி எறிந்தேன்.

"அக்கா, கூட்டத்தன்னிக்கு லீவு போட்டுடு" என்றான். "மூணு பேருக்கு மேல உள்ள போகமாட்டாங்க. முடிவு பண்ணியாச்சு."

மூன்று பேர் யாரென்று எனக்கும் தெரியும். மெக்கானிக், டாக்டரம்மா, வலைக்கார அக்கா. மூன்றும் எதற்கும் அசையாத கட்டைகள். நான்காவது ஆள் தையல்காரர். அவரும் விலகல் கடிதம் அனுப்பியிருந்தார், ஆனால் தபாலில். விலகல் கடிதத்தை நேரில் கொடுத்தால்தான் செல்லும். விதி எனக்கு உதவிய நாள் என் வேலையில் அது ஒன்றுதான்.

அவர் வீட்டுக்குப் போனேன். கடை போய்விட்டதால் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, உங்க லெட்டர் செல்லாது. நீங்க இன்னும் மெம்பர்தான்."

என் நெற்றிக் கட்டைப் பார்த்தார். "இது யாரு பண்ணது?"

"என் தம்பி."

சிரித்தார். சிரிப்பதா என்று எனக்குக் கோபம் வந்தது. "தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, சாண் என்ன, முழம் என்ன" என்றார். "எத்தனை மணிக்கு வரணும்?"

நேரத்தை அவர் காதில் மட்டும் சொன்னேன்.

முப்பதாம் நாள், பதினொரு மணி. கூட்டம் கீழ்த்தளக் கூடத்தில். அது முன்பு கிடங்கு, அதற்கு ஷட்டர் கதவு. ஸ்பிரிங் போய் ஐந்து வருடமாக, தூக்கி முட்டுக்கம்பி கொடுத்து நிறுத்தித்தான் வைத்திருந்தோம். மெக்கானிக்கைச் சக்கர நாற்காலியில் அவர் மனைவி தள்ளிக்கொண்டு வந்தாள். டாக்டரம்மா தலையைச் சுற்றிக் கட்டோடு வந்தார். வலைக்கார அக்கா ஈரப்புடவையோடு வந்து அதிகாரிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அதிகாரி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள் குறைந்தால் பிழைத்தோம் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது.

தெருமுனையில் தையல்காரர் தலை தெரிந்தது. எதிர்ப்பக்க வேனிலிருந்து மூன்று பேர் இறங்கினார்கள். முதலில் வந்தவன் என் தம்பி. தையல்காரர் ஓடினார். வயதுக்கு மீறிய ஓட்டம். ஒரு கம்பி அவர் தோளில் விழுந்தது, அப்படியே கூடத்துக்குள் வந்து குப்புற விழுந்தார். நான் முட்டுக்கம்பியை உதைத்தேன்.

ஷட்டர் இறங்கியது. அதைப் பிடிக்க என் தம்பி கையை நீட்டினான்.

அந்தச் சத்தத்தை நான் எழுதமாட்டேன். வலது கை மணிக்கட்டுக்கு மேல் வரை உள்ளே இருந்தது, அவன் வெளியே. நான்கு விரல்கள் சிமெண்டுத் தரையைப் பிறாண்டின.

"அக்கா! தூக்கு! அக்கா!"

தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். ஆடியது. என் கை ஷட்டரின் அடிப்பட்டை வரை போனது. அதற்குள் வெளியே இருந்த இருவர் கம்பியைக் கீழே செருகி நெம்பத் தொடங்கினார்கள். ஒரு சாண் உயர்ந்தால் போதும், உள்ளே வந்துவிடுவார்கள். தரையில் கிடக்கிற தையல்காரரை அங்கேயே முடித்துவிடுவார்கள். எனக்கு அது தெளிவாகத் தெரிந்தது. தெரியாமல் செய்தேன் என்று பிற்பாடு யாரிடமும் நான் சொல்லவில்லை.

அடிப்பட்டை மேல் ஏறி நின்றேன். முழு எடையும் கொடுத்து.

அவன் கத்திய கத்தலில் அதிகாரி எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"படிங்க சார்" என்றேன்.

"ஏம்மா, அந்தப் பையன் கை..."

"அது என் தம்பி. நீங்க படிங்க."

உறுதிமொழி அரைப் பக்கம். ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். வலைக்கார அக்கா முதலில் சொன்னாள், நடுங்காமல். மெக்கானிக் சொன்னார். ஷட்டர் என் காலடியில் எகிறியது. டாக்டரம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் பட்டையின் மேல் ஏறி நின்றார். கட்டிய தாடைக்குள்ளிருந்து அவருக்கு வெறும் முனகல்தான் வந்தது. வாய்மொழியாகச் சொல்ல வேண்டும் என்று விதி இருப்பதாக அதிகாரி இழுத்தார். வலைக்கார அக்கா திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாள். சொன்னதாகக் குறித்துக்கொண்டார்.

தையல்காரர் படுத்தபடியே சொன்னார். வாயில் ரத்தம். பாதியில் மறந்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த இரண்டாவது முறைதான் என் ஆயுளிலேயே நீளமானது. என் தம்பி கத்துவதை நிறுத்தியிருந்தான். தரையைப் பிறாண்டிய விரல்கள் நின்றுவிட்டன.

அவர் கடைசி வார்த்தையைச் சொன்னதும் இறங்கினேன். அவன் கத்தலைக் கேட்டு யாரோ போன் போட்டு, அதற்குள் போலீஸ் வண்டி வந்துவிட்டது, மற்ற இருவரும் ஓடிவிட்டார்கள். வாசலில் சாய்ந்து கிடந்தவன் யார், எங்கெங்கே யாரை அடித்தான் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஆஸ்பத்திரியில், ரத்தம் ஓடாமல் கறுத்துப்போன மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் அவனைப் பார்க்க என்னை விட்டார்கள், அதுவும் வாசலில் காவலரை உட்காரவைத்து. இடது கையைக் கட்டிலோடு பூட்டியிருந்தார்கள், வலது கை பெரிய வெள்ளைப் பொட்டலமாக இருந்தது. ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினேன். பசித்திருப்பான் போல, மறுக்காமல் சாப்பிட்டான். நான் அழுதுகொண்டேதான் ஊட்டினேன், அதை மறைக்கவில்லை.

நான்கு துண்டு போனபின் கேட்டான். "உள்ள என்ன முடிவு பண்ணாங்க?"

"அடுத்த கூட்டத்துக்குத் தேதி வச்சாங்க."

"குவாரி?"

"அதப் பத்திப் பேச நேரமில்ல. தையல்காரர ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம்."

"வேற ஒண்ணுமே இல்லயா?"

"இல்ல."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் அடி வாங்கியபின் எதற்கு அடித்தாய் என்று பார்ப்பானே, அதே பார்வை.

"இதுக்கா அக்கா?"

"இதுக்குத்தான்" என்றேன்.

அடுத்த துண்டை நனைத்து நீட்டினேன். அவன் வாயைத் திறக்கவில்லை. நானும் கையை எடுக்கவில்லை.