சமத்துக் குழந்தை

1

இந்தக் கதை ஒரு சட்டையிலிருந்து வந்தது. தைக்கப்படாத சட்டை. முதுகு, இரண்டு முன்பக்கம், இரண்டு கை என்று வெட்டிய துண்டுகளாக என் அலமாரியில் கிடக்கிறது.

முதலில் எழுதிய தொடக்கம்: "அந்தக் கோடையில் வெயில் மண்டையைப் பிளந்தது." அடித்துவிட்டேன். வெயில்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கைகழுவப் பார்க்கிற வாக்கியம் அது.

இரண்டாவது: "தையல்காரி நல்ல தாய்தான், ஆனால்

அந்த 'ஆனால்' என் பேனாவிலிருந்து வந்தது என்று நினைத்தாலே கூசுகிறது. அப்படியே விட்டுவிட்டேன்.

2

சரி, நடந்ததைச் சொல்கிறேன். தையல்காரிக்கு மொட்டைமாடிக்குக் கீழே ஒரே அறை. வீடும் அதுதான், கடையும் அதுதான். சன்னலோரம் மிஷின், நடுவில் வெட்டும் மேசை, மூலையில் மடக்குத் தொட்டில். அதில் ஐந்து மாதப் பெண் குழந்தை.

பகல் பதினொரு மணிக்கே அறை தகித்தது. அவள் ஒன்றும் அசட்டையாக இருக்கவில்லை. காலையில் குளிப்பாட்டினாள். சட்டை போடாமல் இடுப்புத் துணியோடு விட்டாள். அடிக்கடி பால் கொடுத்தாள். தொட்டிலை ஃபேனுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டாள். பாவம், அதற்கு மேல் என்ன செய்வாள்?

கீழ்வீட்டு அக்கா ஏறி வந்து பார்த்தாள். "ஒரு துண்டை நனைச்சுத் தொட்டில் மேல போர்த்தி விடுடி. உள்ள ஜில்லுன்னு இருக்கும். என் மூணையும் அப்படித்தான் வளர்த்தேன்."

(இந்த அக்காவை வில்லியாக்கிவிட்டால் என் வேலை சுலபம். ஆனால் அவள் பொய் சொல்லவில்லை. மூன்று பிள்ளைகளும் கல்லுக்குண்டு மாதிரி தெருவில் ஓடுகின்றன. அவள் வீட்டில் பெரிய சன்னல்கள் இரண்டு இருந்தன, அவ்வளவுதான்.)

தையல்காரி இருந்ததிலேயே பெரிய துண்டாக எடுத்து நனைத்து, நாலு பக்கமும் தொங்குகிற மாதிரி போர்த்தினாள். ஒரு ஈ கூட உள்ளே போக முடியாது என்று அவளுக்குத் திருப்தி.

3

பன்னிரண்டரைக்கு ஒரு வாடிக்கையாளர் வந்தார். மனிதர் நல்லவர்தான், கொஞ்சம் அவசரக்காரர்

பார்த்தீர்களா, எப்படி நழுவுகிறேன்! வந்தது நான்தான்.

"சாயங்காலம் ஒரு கூட்டத்துல பேசணும்மா. இன்னைக்கே வேணும்."

"இன்னைக்கேவா? வெயில் கொல்லுது சார். நாளைக்கு..."

"கூட்டம் இன்னைக்குத்தானே!"

நான் கொண்டுபோனது மல் துணி. ஊதினால் பறக்கும். ஃபேன் ஓடினால் மேசையில் நிற்காது, வெட்டு கோணிவிடும். அதனால் அவள் ஃபேனை நிறுத்தினாள். தொட்டில் பக்கம் திரும்பி, "பத்தே நிமிஷம், கண்ணு," என்றாள்.

பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். நான்தான் கழுத்தை மாற்றச் சொன்னேன். பிறகு கையை. பிறகு மறுபடியும் கழுத்தை. பேச்சு சுவாரசியத்தில் மணி இரண்டைத் தாண்டிவிட்டது.

நடுவில் நான் கேட்டேன். "குழந்தை இருக்கிற சத்தமே காணோமே?"

"தூங்குது சார்."

"ரொம்ப சமத்து!"

அவள் முகம் மலர்ந்தது. நேற்றெல்லாம் புழுக்கம் தாங்காமல் கத்தித் தீர்த்த பிள்ளை. அக்கா சொன்னது பலித்துவிட்டது என்று நினைத்தாள். எழுப்பிவிடக் கூடாதே என்று மெதுவாக நடந்தாள்.

(துண்டு எப்போதோ காய்ந்திருந்தது. ஈரமாக இருந்தாலும் பயனில்லை. மூடிய தொட்டிலுக்குள் காற்று போகாது, சூடு ஏறிக்கொண்டே போகும். சூட்டில் துவண்டுபோன குழந்தைக்கு அழத் தெம்பிருக்காது, தூங்குகிற மாதிரியே கிடக்கும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னார். திட்டக்கூட இல்லை.)

4

முடிவு ஒன்று: அவள் துண்டை விலக்குகிறாள். உடம்பு கொதிக்கிறது. அள்ளிக்கொண்டு ஓடுகிறாள். மறுநாள் குழந்தை கண்ணைத் திறந்து பால் குடிக்கிறது. இதை எழுதிய அன்று நன்றாகத் தூங்கினேன்.

முடிவு இரண்டு: "நாளைக்கே குடும்மா," என்று சொல்லிவிட்டு நான் பழைய சட்டையில் கூட்டத்துக்குப் போகிறேன். கதையே இல்லை. இதைவிட நல்ல முடிவு எனக்குத் தோன்றவில்லை.

முடிவு மூன்று: ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போதே குழந்தை போய்விட்டது. இதை நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நடந்தது.

5

ஆறு மாதம் கழித்துத் தையல்காரி என் வாசலில் நின்றாள். கையில் ஒரு பை.

"உங்க துணி சார். இனிமே அது என்கிட்ட இருக்க வேண்டாம்."

வாங்கிக்கொண்டேன். அவள் போகாமல் நின்றாள்.

"நீங்க கதை எழுதுறவராமே?"

"ஆமாம்மா."

"எழுதுனா, அது அழுதுச்சுன்னு எழுதுங்க சார்."

எனக்குப் புரியவில்லை.

"அது அழவே இல்லைன்னு எல்லாரும் சொல்றாங்க. அது எப்படி சார்? ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட்டிருக்கும்ல? எனக்குத்தான் கேக்கலைன்னு எழுதுங்க. பழி என் மேலயே இருக்கட்டும்."

பதினேழு தடவை எழுதிப் பார்த்துவிட்டேன். "குழந்தை அழுதது" வரை வருகிறது. "அவளுக்குக் கேட்கவில்லை" என்று எழுத வரவில்லை. ஒரு சிணுங்கல் போதும், கத்தரியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள். துண்டு தரையில் விழும், ஃபேன் சுற்றும், என் மல் துணி அறை முழுக்கப் பறக்கும், குழந்தை பிழைத்துவிடும். அது அவள் கேட்ட கதை இல்லை. நடந்த கதையும் இல்லை.

என்னால் ஆகவில்லை, வாசகரே. உங்களிடம் விடுகிறேன். மணி ஒன்று பத்து. அவள் குனிந்து வெட்டிக்கொண்டிருக்கிறாள். நான் எதிரே உட்கார்ந்து கழுத்தைப் பற்றி ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறேன். இதோ, நிறுத்திக்கொள்கிறேன். ஏதாவது கேட்கிறதா பாருங்கள். கேட்டால் அவளைக் கூப்பிடுங்கள்.