வலது கையில் ஒரு வாத்து

கழுத்தை அறுக்கும்போது விழித்திருக்க வேண்டும் என்று டொக்டர் ரிப்கா சொன்னதைக் கணேஸ் நம்பவில்லை.

"மயக்க மருந்து குடுக்க மாட்டீங்களா மிஸ்?"

"கழுத்து மட்டும் மரத்துப் போகும். நீங்க முழிச்சி இருந்தாத்தான் மூளைக்கு ரத்தம் போகுதான்னு எங்களுக்கு விளங்கும்." அவனது வலது கையில் மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து ஒன்றை வைத்தாள். "அமுக்குங்க."

கீச் என்றது.

"இந்த வயசில எனக்கு வெளையாட்டு சாமானா?"

"சத்தம் வந்தா கை வேல செய்யுது. வராட்டி மூளைக்கு ரத்தம் பத்தல."

கணேஸ் கண்டி மார்க்கெட்டில் முப்பத்தொரு வருடமாக மூட்டை இறக்கும் நாட்டாமி. மூன்று மாதத்துக்கு முன் கிழங்கு லொறிக்குப் பக்கத்தில் வலது கை ஈரச் சாக்கு மாதிரித் தொங்கிவிட்டது. "என்னண்ணே?" என்றான் கூட வேலை செய்த நிரஞ்சன். பதில் சொல்ல வாயைத் திறந்தான். கொழகொழவென்று ஏதோ சத்தம்தான் வந்தது. "காலையிலயே போட்டாச்சா?" என்று நிரஞ்சன் சிரித்தான். பத்து நிமிடத்தில் எல்லாம் திரும்பியது. ஆஸ்பத்திரியில் பார்த்தபோது பிரஷர் இருநூறு. கழுத்தின் இடப்பக்க இரத்தக்குழாய் முக்கால்வாசி அடைத்திருந்தது. அடுத்த முறை கை திரும்பி வராமலே போகலாம் என்றார்கள்.

ஒப்பரேஷன் மேசையில், முகத்துக்கு மேல் பச்சைத் துணி. வலி இல்லை. சாக்குத் தைக்கிற மாதிரி இழுப்பு மட்டும். பெரிய டொக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ரிப்கா அதைத் தமிழில் சொன்னாள்.

"இப்ப குழாயக் கவ்வி அடைச்சிருக்காங்க ஐயா. பிரஷரக் கொஞ்சம் ஏத்தி வச்சிருக்கோம். அமுக்குங்க."

கீச்.

"இன்னொருக்கா."

அமுக்கினான். சத்தம் வரவில்லை.

"அமுக்குங்க ஐயா!"

ஐம்பது கிலோ மூட்டையின் காதைப் பிடிப்பது போலப் பிடித்தான். ஒன்றுமில்லை.

"ஒங்கட பேரு என்ன? பேரச் சொல்லுங்க!"

பேர் நாக்கில்தான் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் அந்தக் கொழகொழச் சத்தம் வந்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டான். கை போய்விட்டது. மூட்டை போய்விட்டது. இனி பெண்சாதி ஜெயராணிதான் சோறு ஊட்ட வேண்டும்.

பெரிய டொக்டரின் குரல் உயர்ந்தது. யாரோ ஓடினார்கள். இரும்புத் தட்டு ஒன்று விழுந்தது. தலைமாட்டு மெஷின் கத்தத் தொடங்கியது.

ரிப்கா துணிக்கடியில் கையை விட்டாள். "யா அல்லாஹ்!"

வாத்தின் வயிறு கிழிந்து, உள்ளிருந்து கீச்சிடும் ஊதி கழன்று கிடந்தது. அவனது விரல்கள் இன்னும் இறுகிக்கொண்டிருந்தன, இப்போது அவளுடைய விரல்களின் மேல்.

"விடுங்க ஐயா, வெரல் ஒடியுது!"

"கை இருக்கா மிஸ்?"

வார்த்தை தெளிவாக வந்தது. பெரிய டொக்டர் சிங்களத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தார். மீதி நேரம் முழுக்க ரிப்கா இரண்டு விரல்களை அவனிடம் கொடுத்து, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

மறுநாள் பகல் ஜெயராணி கஞ்சி கொண்டுவந்தாள். கரண்டியை அவளிடமிருந்து பிடுங்கினான். வலது கையாலேயே அள்ளினான்.

"எம் பேரக் கேளு."

"என்னாங்க ஒளர்றீங்க?"

"கேளுடி!"

"ஒங்க பேரு என்னா?"

"கணேஸ்."

கஞ்சி சட்டையில் சிந்தியது. அவன் அதைப் பார்க்கவில்லை.

"இன்னொருக்கா கேளு."