ஆறு இடம் மாறிய வருஷம்

அப்பா நிலத்தை அளந்து பிரிக்கவில்லை. படுக்கையிலிருந்தபடியே ஜன்னல் வழியாக ஆற்றைக் காட்டி, "அந்தக் கரை பெரியவனுக்கு, இந்தக் கரை சின்னவனுக்கு" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அண்ணன் தம்பிக்குள் ஒரு சின்ன மனத்தாங்கல்கூட வந்ததில்லை.

பிறகு ஒரு வருஷம் மலையில் பேய்மழை. ஆறு தறிகெட்டு ஓடியது. வெள்ளம் வடிந்து பார்த்தால் பழைய தடத்தில் வெறும் கூழாங்கல். பெரியவனின் ஆப்பிள் தோட்டத்தில் பாதியைச் சின்னவன் பக்கம் தள்ளிவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளைபோல் புது வழியில் போய்க்கொண்டிருந்தது ஆறு.

சின்னவன் பள்ளத்தாக்குச் சாலையில் லாரிப் பட்டறை வைத்திருந்தான். "நாம என்ன திருடினோமா? ஆறே கொண்டுவந்து குடுத்திருக்கு" என்றாள் அவன் மனைவி.

"வாய மூடு" என்றான். ஆனாலும் அன்று மாலை அந்த மரங்களுக்கு நடுவே ஒரு நடை போய்வந்தான். எதற்குப் போனோம் என்று அவனுக்கே விளங்கவில்லை.

பழம் பழுத்ததும் அண்ணன் கூடைகளோடு பாலத்தைச் சுற்றிக்கொண்டு வந்தான். தன் மரத்தடியில் நின்றுகொண்டு, "பறிச்சுக்கலாமாடா?" என்று கேட்டான்.

சின்னவனுக்குச் சுருக்கென்றது. உன் மரத்துக்கு என்னைக் கேட்கணுமா என்றுதான் சொல்ல வாயெடுத்தான். வந்தது வேறு.

"இந்த வருஷம் எடுத்துக்கண்ணே."

அண்ணன் அவனை ஏற இறங்கப் பார்த்தான். கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிக்கொண்டு வந்த வழியே போய்விட்டான்.

பழம் உதிர்ந்து அழுகத் தொடங்கியது. நல்லதாகப் பொறுக்கி ஒரு மூட்டை கட்டிக்கொண்டு சின்னவன் அண்ணன் வீட்டுக்குப் போனான். அண்ணி கதவைப் பாதிதான் திறந்தாள்.

"அவர் இல்லப்பா."

உள்ளேயிருந்து அண்ணனின் இருமல் கேட்டது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் அவன் பட்டறையைத் திறக்கவில்லை. கடப்பாரையோடு பழைய தடத்துக்குப் போய் வரிசையாக எல்லைக்கல் நட ஆரம்பித்தான். "வீடு தேடி வந்தத யாராவது தூக்கிக் குடுப்பாங்களா?" என்று பொருமிய மனைவி, வெயில் ஏறியதும் கல்லைப் பிடித்துக்கொடுக்க வந்தாள். அக்கரையில் அண்ணன் நின்று ஏதோ கத்தினான். தண்ணீர் இரைச்சலில் ஒரு சொல்லும் புரியவில்லை. சின்னவன் கையை உயர்த்திக் காட்டினான். அண்ணன் பதிலுக்கு உயர்த்தவில்லை.

குளிர்காலத்தில் கிளை கழிக்க அண்ணன் வந்தான். கற்களைத் தாண்டி ஓரடி வைக்கவில்லை.

"சாப்பிட்டுப் போண்ணே."

"வேலை கிடக்கு."

அடுத்த மரத்துக்கு அவன் ஏணியை இழுத்தபோது சின்னவன் போய் மறுமுனையைத் தூக்கினான். அண்ணன் வேண்டாம் என்று சொல்லவில்லை.