பத்து மணி வடாபாவ்

வெங்கடேஷ் அன்னைக்கே சொன்னான். சொன்னவனை நான்தான் பயந்தாங்கொள்ளின்னு கிண்டல் பண்ணினேன்.

"லைசென்ஸ் இல்லாத பொடியனை பைக் ரைடுக்குக் கூட்டிட்டு வராத, தப்ரேஸ். பதினாறு வயசுடா அவனுக்கு. லிஸ்ட்ல பேர் எழுத மாட்டேன்."

"எழுதாட்டிப் போ!" எனக்குக் கோவம் சட்டுன்னு வரும். "நான் பதினஞ்சுலயே மகாபலேஷ்வர் ஓட்டிட்டுப் போனவன். விட்டுட்டுப் போனா அவன் வேற நாலு வெட்டிப்பயலுகளோட போவான். நம்மகூட வந்தா ஒழுங்கா ஓட்டவாவது கத்துக்குவான்."

இன்னைக்கும் அந்தப் பேச்சுல பாதி சரின்னுதான் தோணுது. அதுதான் என்னை அரிக்குது.

எங்க குரூப்புல வெங்கடேஷ் முன்னால போவான், நான் கடைசி ஆள். கடைசி ஆளுக்கு ஒரே வேலைதான். எவனும் அவனுக்குப் பின்னால தங்கிடக் கூடாது. நிக்கிற இடத்துலயெல்லாம் தலையை எண்ணி, "ஃபுல்"னு நான் கையைத் தூக்கணும். பத்து வருஷமா ஒருத்தனையும் விட்டதில்லைன்னு எனக்குப் பெரிய திமிர் வேற.

அந்தப் பொடியன் உஸாமா, மும்பை சீத்தா கேம்ப்புல என் மெக்கானிக் ஒர்க்‌ஷாப்புக்கு எதிர்வீட்டுப் பையன். கிளம்புற ஞாயித்துக்கிழமை விடியல்ல அவன் உம்மா ஆபிதா மாமி வாசல்ல நின்னு, "உன்னை நம்பித்தான் அனுப்புதேன், தப்ரேஸு"ன்னாங்க. அவன் கையில இருந்தது என் கடை வண்டி. "எனக்கு முன்னாலதான் மாமி ஓட்டுவான். கடைசி ஆளே நான்தான்"னு நெஞ்சைத் தட்டிச் சொன்னேன்.

பன்வேல் தாண்டினதும் வெங்கடேஷ் போன் பண்ணினான். முன்னால போலீஸ் நின்னு லைசென்ஸ் பார்க்குதாம். நான் உஸாமாவை ஒரு பெட்ரோல் பங்குக்குப் பின்னால நிறுத்தினேன். "பத்து நிமிஷம் கழிச்சு உள்ரோட்டு வழியா சுத்தி மெதுவா வா. அந்தப் பக்கம் நான் நிக்கேன்"னேன். "சரி பாய்"னான், ஹெல்மெட்டுக்குள்ள சிரிச்சுக்கிட்டே.

அந்தப் பக்கம் நின்னேன். சத்தியமா நின்னேன். ஆனா மழை கொட்டுச்சு, மத்தவங்க எல்லாம் மலை ஏற ஆரம்பிச்சிட்டாங்க. மழையில அந்த மலைப்பாதையில வண்டி ஏத்துற சுகம் இருக்கே! பொடியன் வந்து பிடிச்சுக்குவான்னு நானும் ஆக்ஸிலேட்டரைத் திருகிட்டேன்.

மலை மேல ஒரு கடையில நிறுத்தி எண்ணினேன். பன்னிரண்டு. லிஸ்ட்லயும் பன்னிரண்டு. "ஃபுல்"னு கையைத் தூக்கினேன். அவன் பேர்தான் லிஸ்ட்லயே இல்லையே. பன்னுக்குள்ள வடை வச்ச வடாபாவ் ரெண்டு வாங்கினேன். மழைக்குச் சூடா இருந்துச்சு.

சரியா பத்து மணிக்கு மாமி போன். "உஸாமா போனை எடுக்க மாட்டேங்கான். என்ன செய்யுதான்?"

வாய் நிறைய வடாபாவோட சொன்னேன்: "பக்கத்துலதான் மாமி இருக்கான். வடாபாவ் தின்னுட்டு இருக்கான்."

சொல்லி முடிச்சப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன்.

வண்டியைத் திருப்பி வந்த வழியே இறங்கினேன். மூணாவது வளைவுல கிடந்தான். காய்கறி டெம்போக்காரர் ஒருத்தர் அப்பதான் அவனை அவன் பைக்குக்கு அடியிலேர்ந்து இழுத்து ஓரமாப் போட்டிருந்தார். முழங்காலுக்குக் கீழ எலும்பு வெளிய தெரிஞ்சது. ஒரு மணி நேரத்துக்கு மேல கிடந்திருக்கான். என்னைப் பார்த்ததும், "நீங்க திரும்பி வருவீங்கன்னு தெரியும் பாய்"னான். பாவி நான், அதைக் கேட்டுக்கிட்டு நின்னேன்.

சாப்பிட்டு இறங்கும்போது விழுந்துட்டான்னு மாமிகிட்ட போன்ல சொன்னேன். குரூப்புல எவனும் வாயைத் திறக்கலை. வெங்கடேஷ் மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டான்.

ஆஸ்பத்திரிக்கு மாமி வந்து சேர பன்னிரண்டு மணி ஆச்சு. ஊசி போட்டதுல உஸாமா கண்ணைத் திறக்கலை. கடைசியா எப்ப சாப்பிட்டான்னு டாக்டர் கேட்டார். நான் பதில் சொல்றதுக்குள்ள மாமி முந்திக்கிட்டாங்க. "பத்து மணிக்கு வடாபாவ் தின்னான். தப்ரேஸு பக்கத்துலதான் இருந்தான்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

வேற ஒண்ணும் பண்ணலை. தலையைத்தான் ஆட்டினேன். அப்படின்னா வயிறு காலியாகாம மயக்க மருந்து கொடுக்க முடியாது, சாயங்காலம்தான் ஆபரேஷன்னு சொல்லிட்டுப் போனார். அஞ்சு மணி வரைக்கும் எதிர்ச் சுவத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். டாக்டர்கிட்ட போய்ச் சொல்லிடலாம்னு நாலு தடவை எழுந்தேன். சாப்பிடலைன்னு சொன்னா, பத்து மணிக்கு அவன் எங்க இருந்தான்னு கேப்பாங்களே. நாலு தடவையும் உக்காந்துட்டேன்.

காயம் சீழ் பிடிச்சுப் போச்சு. இன்னும் ரெண்டு ஆபரேஷன். இப்ப வலது கால் ஒண்ணரை இஞ்ச் குட்டை. அந்த அஞ்சு மணி நேரத்தாலயான்னு டாக்டரைத் தனியாக் கேட்டேன். "சொல்ல முடியாது"ன்னார். வண்டி என்னுதுங்கிறதால கேஸ் என் பேர்ல நடக்குது. அதுக்கெல்லாம் நான் பயப்படலை. ஜெயில்ல போட்டாக்கூட நிம்மதியாத் தூங்குவேன் போல.

உஸாமாவுக்கு எல்லாம் தெரியும். "ஏன்டா உம்மாகிட்ட சொல்லலை?"ன்னு ஒருநாள் கேட்டேன். "சொன்னா அவங்க உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டாங்க பாய்"னான்.

போன வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சதும் மாமி என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாங்க. எட்டு மாசமா அவனைப் பிசியோதெரபிக்கு நான்தானே கூட்டிட்டுப் போறேன், அந்த நன்றியாம்! உஸாமா காலை இழுத்து இழுத்து வந்து எனக்கு எதிரே உக்காந்தான். இன்னும் ரெண்டு துண்டு கறிக்காகக் கையை நீட்டினான்.

"இந்தத் தீனிதான் உன் காலைக் கெடுத்துச்சு"ன்னாங்க மாமி. "ஊர்ல இல்லாத வடாபாவ்! அன்னைக்கு மட்டும் அதைத் தின்னாம இருந்திருந்தா வந்த உடனே ஆபரேஷன் பண்ணியிருப்பாங்கல்ல?"

அவன் நீட்டின கையை மடக்கிக்கிட்டான். என்னை ஏறிட்டுப் பார்க்கலை. பார்த்திருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். குனிஞ்சு வெறுஞ்சோத்தைப் பிசைஞ்சான். நான் என் தட்டைத் தள்ளி வச்சேன்.

"மாமி, அன்னைக்கு அவன் ஒண்ணும் தின்னலை."

"என்னது?"

"விடியல்ல நீங்க கொடுத்த டீயோட சரி."

"பாய், விடுங்க"ன்னான் உஸாமா.

"பக்கத்துல இருந்து தின்னுட்டு இருக்கான்னு போன்ல நீதானேப்பா சொன்ன?"

"பக்கத்துல அவன் இல்லை மாமி. அந்நேரம் அவன் ரோட்டுல கிடந்தான். நான்தான் தின்னுட்டு இருந்தேன்."

மாமி கத்துவாங்கன்னு நெனச்சேன். கத்தலை. கறிச்சட்டியை எடுத்து, மிச்சமிருந்ததை எல்லாம் வழிச்சு உஸாமா தட்டுல போட்டாங்க. கரண்டி தட்டுல டக்டக்குன்னு இடிச்சது.

"தின்னு வாப்பா"ன்னாங்க. "எட்டு மாசமா உன்னையில்ல நான் ஏசிட்டு இருந்தேன். தின்னு."